டாக்டர் வாய் தவறிய நாள்

டாக்டர் திருஞானசம்பந்தம் ‘அம்ப்ரெல்லா’ என்று சொன்னபோது கமலாட்சி அதையும் எழுதிக்கொண்டாள். ஏதோ புதிதாக ஒரு வைத்தியச் சொல் என்றுதான் நினைத்தாள்.

அப்படி நினைத்ததில் தப்பில்லை. அந்த நர்சிங் ஹோமில் சேர்ந்த புதிதில் அவளுக்கு எல்லாச் சொல்லுமே அப்படித்தான் இருந்தது. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண் அவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்துத் தேறினாள். கூடப் படித்தவர்கள் வக்கீல் ஆபீசுக்கும் பட்டுச் சொசைட்டிக்கும் வேலைக்குப் போனார்கள். இவளுக்கு வாய்த்தது ஆஸ்பத்திரி.

காஞ்சிபுரத்தில் அப்போது ஸ்டெனோ வைத்துக்கொண்டிருந்த டாக்டர் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. திருஞானசம்பந்தம் சீமையில் படித்துவிட்டு வந்த சர்ஜன். கை அவ்வளவு சுத்தம். கையெழுத்துதான் கோழி கிளறிய குப்பை. மெட்ராசுக்கு அவர் அனுப்பிய ஒரு நோயாளியை, சீட்டில் எழுதியிருந்தது என்னவென்று விளங்காமல் அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே டைப்ரைட்டர் வாங்கினார்.

“பேஷன்ட் போற எடத்துக்கெல்லாம் நானும் பின்னாலயே போய் என் கையெழுத்தைப் படிச்சுக் காட்ட முடியுமாம்மா?” என்று அவளை வேலைக்கு எடுத்த அன்று கேட்டார்.

ஆபரேஷன் எல்லாம் முடிந்து முற்பகலில் தன் அறைக்கு வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார். யாருக்கு என்ன வியாதி, எங்கே வெட்டினோம், உள்ளே என்ன பார்த்தோம், எப்படித் தைத்தோம் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போவார். கமாவும் ஃபுல் ஸ்டாப்பும்கூட அவரே சொல்லிவிடுவார். கமலாட்சி குனிந்த தலை நிமிராமல் எழுதி எடுத்துப்போய் டைப் அடிப்பாள். ஒரு பிரதி நோயாளிக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு.

முதல் மாதங்களில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. டாக்டர் கொடுத்த பழைய வைத்திய அகராதியை வீட்டுக்கு எடுத்துப் போய் வரி வரியாகப் படித்தாள். போகப் போகச் சொற்கள் பழகின. நாலு எழுத்து கேட்டால் மீதி விரலுக்கே தெரிந்தது. சம்பளமும் சொசைட்டி வேலைக்குப் போனவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். தெருவில் ஒரு மரியாதை. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவளுடைய அம்மா தில்லையம்மாளுக்கு மட்டும் ஒரு பயம் இருந்தது.

“ஊர்ல இருக்கிற சீக்கெல்லாம் உன் விரல் வழியாத்தான் போவுது. கைய நல்லா கழுவிக்கினு சாப்புடு” என்பாள் தினமும்.

கமலாட்சி சிரிப்பாள். அவளைப் பொறுத்தவரை சீக்கு என்பது காகிதத்தில் இருப்பது. மூன்று வருஷத்தில் எத்தனையோ பேருடைய வயிற்றையும் நெஞ்சையும் அவள் டைப் அடித்திருந்தாள். ஆனால் ஒரு வியாதி ஒரு மனிதன்மேல் வந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். அன்றைக்கு டாக்டர் சொல்ல வந்த கடைசிக் கேஸ் ராமலிங்கம் என்பவருடையது. தென்னேரிக்காரர். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். தொப்புளில் குடல் பிதுங்கி மாட்டிக்கொண்டு, துடிக்கத் துடிக்கக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். டாக்டர் உடனே அறுத்துச் சரிசெய்திருந்தார். தொப்புளுக்கு இங்கிலீஷில் அம்பிலிகஸ் என்று பெயர். அதைத்தான் அவர் சொல்ல வந்தார். வாயில் வந்தது அம்ப்ரெல்லா, குடை.

“அம்ப்ரெல்லாவைச் சுற்றி வெட்டினோம், கமா, உள்ளே நாற்காலி நல்ல நிறத்தில் இருந்தது, ஃபுல் ஸ்டாப்.”

அவர் சொன்ன இங்கிலீஷுக்கு இதுதான் அர்த்தம். கமலாட்சியின் பென்சில் நாற்காலியையும் எழுதிவிட்டது. பழகிய கை அப்படித்தான். காதில் விழுந்தது நேரே விரலுக்குப் போய்விடும், நடுவில் யாரும் நின்று கேட்பதில்லை. அதோடு, அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எப்போதும்போலக் கணீரென்றுதான் இருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

“நாற்காலியைப் பாலத்துக்குள் தள்ளிவிட்டு, கமா, மழையை அடுக்கடுக்காகத் தைத்தோம், ஃபுல் ஸ்டாப். நெக்ஸ்ட் பாரா.”

மழை என்று எழுதும்போதுதான் பென்சில் தயங்கியது. ‘என்ன இது? விளையாடுகிறாரா?’ அவர் விளையாடுகிற ஆள் இல்லை.

“ஃபுல் ஸ்டாப்” என்றார் டாக்டர். “ஃபுல் ஸ்டாப். ஃபுல் ஸ்டாப்.”

கமலாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் மேஜை ஓரமாக நின்றிருந்தார். வலது கையில் இருந்த மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து கிடந்தது. அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. பிடித்திருந்த மாதிரியே விரல்கள் அரைகுறையாக மடங்கியிருந்தன. வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் மட்டும் கோபம். ‘ஏன் எழுதவில்லை?’ என்று கேட்கிற கோபம்.

வாயின் ஓரம் ஒரு பக்கம் விலகியிருக்கிறது, எதிர்ப்பக்கக் கை பலமிழந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. மெட்ராசுக்கு அனுப்புகிற நோயாளிகளுக்காக இதே வரிகளை இதே மனிதர் சொல்லி எத்தனை முறை அடித்திருக்கிறாள்! அந்த வரிகள் இப்போது அவருடைய கணீர்க் குரலிலேயே அவள் காதுக்குள் ஓடின. எதிரே அந்த வரிகள் ஒரு முகமாக நின்றன.

“சார்…” என்றாள். நோட்டு மடியிலிருந்து விழுந்தது. எழுந்து அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அதுவரை அவர்மேல் அவள் விரல்கூடப் பட்டதில்லை. தடுமாறிச் சரிந்து உட்கார்ந்தவர் அவளை ஏதோ கேட்டார். கேட்டது ஒரு பாஷையும் இல்லை.

வெளியே ஓடினாள். சின்ன டாக்டர் ஆதிகேசவன் வராந்தாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவப் படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

“டாக்டர், உள்ள வாங்க. சாருக்கு… சாருக்கு ஸ்ட்ரோக்கு.”

“யாருக்கு?”

“நம்ம சாருக்கு!”

“என்னம்மா சொல்ற? இப்பதான் என்னோட காபி சாப்ட்டாரு” என்று ஆதிகேசவன் பாதிச் சிரிப்போடு எழுந்தார். அறை வாசலில் அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு கணம் அவரும் அவளைப் போலவே அசையாமல் நின்றார். பிறகுதான் டாக்டரானார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் கமலாட்சிக்குக் கோவையாக நினைவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. நர்சுகள் ஓடினார்கள். வராந்தாவில் இருந்த நோயாளிகள் எழுந்து நின்றார்கள், சாமி புறப்பாட்டுக்கு எழுந்து நிற்கிற மாதிரி. மாடி வீட்டிலிருந்து டாக்டரின் மனைவி பெரியநாயகி ஈரத் தலையோடு இறங்கி வந்தார். வந்தவர் அழவில்லை, கத்தவில்லை. கமலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“கடசியா உன்கிட்டதானே பேசிக்கினு இருந்தாரு. என்னம்மா சொன்னாரு?”

மழையைத் தைத்தோம் என்றார் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தறியில் இருந்த அப்பா கைலாசம் நெசவை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ ஓடிப் போய்ச் சொன்னதாலதானே உசுரு நின்னுது? சின்ன டாக்டரே சொன்னாராமே.”

“அதுக்கு முந்தி நான் எழுதிக்கினு இருந்தேன்பா. அவரு என்னென்னமோ சொல்றாரு, நான் பாட்டுக்கு எழுதிக்கினே இருக்கேன். தலைய தூக்கிப் பாக்கல.”

கைலாசம் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மறுநாள் மெட்ராசிலிருந்து நரம்பு வைத்தியர் டாக்டர் கலியாணசுந்தரம் காரில் வந்து இறங்கினார். திருஞானசம்பந்தத்தோடு ஒன்றாகப் படித்தவர். நோயாளியை மெட்ராசுக்குத் தூக்கிப் போவது அப்போது ஆபத்து என்று சொல்லிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து வெகுநேரம் பரிசோதித்தார். பிறகு திரும்பி, “சம்பந்தம் ஒரு ஸ்டெனோ வெச்சிருக்கான்னு பெருமையா சொல்லிட்டே இருப்பான். எங்க அந்தப் பொண்ணு?” என்று கேட்டார்.

கமலாட்சியை உள்ளே அனுப்பினார்கள். கட்டிலைப் பார்க்காமல் நோட்டை விரித்தாள். கலியாணசுந்தரம் கால்மாட்டில் நின்றுகொண்டு இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார்.

“ஐம்பத்தாறு வயது ஆண். தொழில், அறுவை சிகிச்சை நிபுணர். வலது கைப் பழக்கமுள்ளவர்…”

பெயர் இல்லை, சார் இல்லை, வெறும் ஆண். மற்றவர்களையெல்லாம் மூன்று வருஷமாக இப்படித்தானே அடித்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால் செயலிழப்பு. பேச்சு இழப்பு. கலியாணசுந்தரத்தின் குரல் அறை முழுவதும் கேட்கிற மாதிரி உரக்க வந்தது. கமலாட்சி தன்னையறியாமல் கட்டிலைப் பார்த்தாள்.

டாக்டர் கண்ணை மூடியிருந்தார். ஆனால் இடது கையின் ஆள்காட்டி விரல் போர்வைமேல் அசைந்தது. ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் ஒரு தட்டு. வாக்கியத்தின் நடுவில் தட்டவில்லை.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“சார், வேணாம் சார். வெளிய போய்ச் சொல்லுங்க. அவருக்குக் கேக்குது. எல்லாம் புரியுது அவருக்கு.”

ஆதிகேசவன் திடுக்கிட்டார். சுவரோரம் நின்றிருந்த பெரியநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கலியாணசுந்தரம் மட்டும் அசையவில்லை.

“எனக்குத் தெரியும்மா” என்றார். “பேச்சுதான் போச்சு, புத்தி போகல. அவன் கேக்கணும்னுதான் சத்தமா சொல்றேன். முப்பது வருஷம் டாக்டரா இருந்தவன். அவன் உடம்பைப் பத்தி நாம வராந்தாவுல நின்னு குசுகுசுன்னு பேசினா, அதைவிட அவமானம் அவனுக்கு என்ன இருக்கு? என் எடத்துல அவன் இருந்தாலும் இதைத்தான் செய்வான். எழுதும்மா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

“கால் ஓரளவு தேறக்கூடும். கைக்கு உறுதி சொல்வதற்கில்லை.” கலியாணசுந்தரம் கட்டிலை ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார். “இனி அறுவை சிகிச்சை செய்ய இயலாது.”

கமலாட்சி எழுதி முடித்துப் புள்ளி வைக்காமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஃபுல் ஸ்டாப்” என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

குழறலாக, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் புரிகிற மாதிரி. டாக்டர் கண்ணைத் திறந்திருந்தார். பெரியநாயகி ஓடிப்போய் அவர் தலைமாட்டில் விழுந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது அந்த அம்மாளுக்கு.

கலியாணசுந்தரம் கிளம்பும்போது காருக்குப் பக்கத்தில் கமலாட்சியைக் கூப்பிட்டுப் பேசினார். “மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிங்களுக்கு இந்த மாதிரி வேலை தெரிஞ்சவங்க கெடைக்கறதே இல்லம்மா. லெட்டர் எழுதறவங்க இருக்காங்க, கேஸ் எழுதறவங்க இல்ல. உனக்கு விருப்பம்னா ஒரு கார்டு போடு.”

அவள் தலையாட்டினாள். உள்ளே அவளுக்கு ஒரே எண்ணம்தான். இந்த வேலையே வேண்டாம்.

அந்தச் சில வாரங்கள் அவள் அவளாக இல்லை. யார் பேசினாலும், இப்போது ஒரு தப்பான சொல் வரப்போகிறது என்று உள்ளுக்குள் உதறிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் தில்லையம்மாள், “மழ வர மாதிரி இருக்குது, கொடைய எடுத்துக்கினு போ” என்று சொன்னபோது கமலாட்சி விறைத்துப்போய் அம்மாவின் வாயையே பார்த்தாள். நிஜமாகவே வெளியே இருட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆதிகேசவன் எல்லாவற்றையும் கையாலேயே எழுதிக்கொண்டார். டைப்ரைட்டர் மூடிக் கிடந்தது. மாடியில் டாக்டருக்கு அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஃபுல் ஸ்டாப். ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் ஃபுல் ஸ்டாப். தான் சொல்வது தப்பு என்று அவருக்கே தெரியும். சொல்லிவிட்டு அவரே இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார். பெரியநாயகி குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டார்.

மாத முடிவில் கமலாட்சி வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போன இடத்தில் ராமலிங்கம் உட்கார்ந்திருந்தார். காயம் ஆறி, முகம் தெளிந்து, கையில் ஒரு பறங்கிக்காயோடு.

“மில்லுல பேப்பர் கேக்குறாங்கம்மா. என்ன ஆப்ரேசன், எப்ப மூட்ட தூக்கலாம்னு எழுதிக் குடுத்தாத்தான் அதுவரைக்கும் வேற வேல போடுவாங்களாம். அன்னிக்கே பெரிய டாக்டரய்யா சொல்லி நீ எழுதிக்கினு இருந்தியாமே?”

அவள் ஆதிகேசவனைப் பார்த்தாள்.

“ஆபரேஷன்ல நானும் கூட இருந்தேன், நான் சொல்றேன்” என்றார் அவர். “மூணு மாசம் போதும்னு நெனைக்கிறேன்.”

“டாக்டரய்யாவ ஒரு தபா பாத்துட்டுப் போறேனே” என்று ராமலிங்கம் கேட்டார். மூன்று பேரும் மாடிக்குப் போனார்கள்.

டாக்டர் சாய்வு நாற்காலியில் இருந்தார். ராமலிங்கம் பறங்கிக்காயைக் கீழே வைத்துவிட்டு, கும்பிட்டு, எதுவும் பேசத் தெரியாமல் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். டாக்டர் முகம் மாறியது. இடது கையை நீட்டித் தழும்பின்மேல் வைத்தார். ஓரம் ஓரமாக அழுத்திப் பார்த்தார். பிறகு ராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்து, தொண்டையைத் தானே செருமிக் காட்டினார். இருமச் சொல்கிறார் என்று ராமலிங்கத்துக்குப் புரிந்தது. இருமினார். டாக்டர் விரல்களால் கேட்டார்; காதால் கேட்பதைவிடக் கூர்மையாக.

பிறகு அவர் கமலாட்சியை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பார்வை அவளுக்கு அத்துப்படி. கீழே ஓடி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் பேச ஆரம்பித்தார். எல்லாம் குழறல், நடுநடுவே ஃபுல் ஸ்டாப். அவள் எழுதவில்லை. அவர் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“காயம் நல்லா ஆறியிருக்குதுங்களா சார்?”

தலை அசைந்தது. எழுதினாள்.

“இருமும்போது பிதுங்கல?”

பிதுங்கவில்லை என்று மறுபடி தலை அசைந்தது.

“மூணு மாசம் கழிச்சு மூட்டை தூக்கலாங்களா?”

“ஃபுல் ஸ்டாப்!” என்று டாக்டர் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். ஆதிகேசவன் பதறிப்போனார்.

“நாலு மாசம்? அஞ்சு?” அவர் முறைத்துக்கொண்டே இருந்தார். “ஆறு மாசங்களா சார்?”

டாக்டர் பின்னால் சாய்ந்தார். ‘அப்படி எழுது’ என்பதுபோல விரலை அசைத்தார்.

ராமலிங்கத்துக்கு வாய் பிளந்துவிட்டது. “இன்னாது, ஆறு மாசமா? மேஸ்திரி என்ன அடிக்கவே வந்துருவாரு!” என்றார். பெரியநாயகி சிரித்துவிட்டார். அந்த வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

கமலாட்சி அன்றே அதை டைப் அடித்தாள். வேலையை விடுகிற பேச்சை எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து ஆதிகேசவனும் வாயால் சொல்லப் பழகினார். ஒரு வரி சொல்லி, அதை அழிக்கச் சொல்லி, மறுபடி சொல்வார். கேஸ்களை அவள் மாடிக்கு எடுத்துப்போய் டாக்டருக்கு வாசித்துக் காட்டினாள். சிலவற்றுக்குத் தலையாட்டினார். சிலவற்றுக்கு ஆதிகேசவனை மேலே கூப்பிடும்படி ஆயிற்று. டாக்டர் ஊன்றுகோலோடு நடக்கிற அளவுக்குத் தேறினார். கத்தியை மறுபடி தொடவில்லை. கலியாணசுந்தரத்துக்கு அவள் கார்டு போட்டாள், ஆனால் இரண்டு வருஷம் கழித்து. மெட்ராசுக்கும் போனாள். அது பிந்திய கதை.

சின்ன டாக்டர் சொல்ல ஆரம்பித்த முதல் வாரத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிடலாம். பாதியில் அவர் சங்கடமாக நிறுத்தினார்.

“என்னம்மா கமலாட்சி, நோட்டைப் பாக்காம என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்க? வெளிய நர்சுங்க ஒரு மாதிரியா பேசறாங்க.”

கமலாட்சிக்கு முகம் சிவந்தது. “குனிஞ்சிக்கினு எழுத முடியல டாக்டர். பயமா இருக்குது” என்றாள்.

ஆதிகேசவன் அறையின் இருட்டு மூலையிலிருந்து நகர்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னலோரமாக வந்து நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.